அடைக்கலப் பொருள்
(மாகறல் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)

  

செய்யாற்றங்கரையில் இருக்கும் இந்த மாகறலுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் கோயிலைப் பற்றித்தான் பேசுவார்கள். சம்பந்தர் பாடிய தலம் என்பார்கள். நான் தலபுராணம் பேச வந்தவனல்லன். அது என் தொழிலுமல்ல. ஆயினும் இவ்வூர் இறைவனுக்கு வழங்கும் பெயர்களிலே இரண்டு என் கருத்தைக் கவர்ந்தன. ஒன்று உடும்பீசர், மற்றொன்று அடைக்கலங்காத்த நாதர். பொன்னுடும்பைச் சோழ மன்னன் துரத்தி வந்த கதையை உங்கள் ஊர்ப் பெரியவர்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். அதை அவர்களிடமே விட்டுவிடுகிறேன். எனக்கு வேண்டியவை இரண்டு சொற்கள்தாம்: உடும்பு, அடைக்கலம். பிறன் மண்ணை உடும்புப் பிடியாகப் பிடித்துக்கொண்டவன் ஒரு பக்கம். ஊரை நம்பி, உற்றாரை நம்பி, தன் மண்ணை அடைக்கலமாக விட்டுவிட்டுக் கடல் கடந்தவன் மறு பக்கம். இவ்விருவரின் வழக்கைத்தான் இன்று உங்கள் மன்றத்திலே வைக்கிறேன்.

அயல்நாட்டில் வாழும் நிலச் சொந்தக்காரர் என்றதும், பட்டுச் சட்டையும் பவுன் மோதிரமுமாக வானூர்தியிலிருந்து இறங்குகிற சீமானை எண்ணிக்கொள்ளாதீர்கள். 2015ஆம் ஆண்டில் நடந்த தமிழ்நாடு குடிபெயர்வுக் கணக்கெடுப்பு, இந்த மாநிலத்திலிருந்து வெளிநாடு சென்று வாழ்வோர் ஏறத்தாழ 22 இலட்சம் பேர் என்று மதிப்பிட்டது. அவர்களிலே சீமான்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு வழக்கறிஞர்களும் இருக்கிறார்கள். நான் பேசுவது சிங்கப்பூரிலே கம்பி கட்டுகிறவனைப் பற்றி. குவைத்திலே வண்டி ஓட்டுகிறவனைப் பற்றி. துபாயிலே எரிக்கும் வெயிலில் சாரத்தின்மேல் நிற்கிறவனைப் பற்றி. கடலேறிப் போயேனும் பொருள் தேடு என்று ஔவைப் பாட்டி சொன்னாள். போனவனுடைய மனையை யார் பார்த்துக்கொள்வது என்பதை மட்டும் சொல்லாமல் போய்விட்டாள்!

பத்தாண்டு வியர்வையிலே அவன் வாங்கியது நான்கு சென்ட் மனை. அது அவனுக்கு மகளின் திருமணம்; முதுமையின் கைத்தடி.

நாடகம் எழுதிப் பழகிய கை எனக்கு. ஆகவே காட்சிகளாகவே சொல்கிறேன்.

முதற் காட்சி. வெற்று மனையிலே இரண்டு ஆடுகள் கட்டப்படுகின்றன. "சும்மாதானே கிடக்குது!" என்கிறான் ஆட்டுக்காரன். ஊரும் தலையாட்டுகிறது. நல்ல சொல் அந்தச் 'சும்மா'! தமிழ்நாட்டிலே எத்தனை மனைகளை விழுங்கியிருக்கிறது அது! இரண்டாம் காட்சி. ஆட்டுக்குத் துணையாக வைக்கோற்போர் வருகிறது. வைக்கோற்போருக்குக் காவலாகக் கீற்றுக் கொட்டகை எழுகிறது. கொட்டகைக்குக் காவலாக முள்வேலி. மூன்றாம் காட்சி. கொட்டகைக்கு மின்சார இணைப்பு வருகிறது. வீட்டுவரி ரசீது வருகிறது. குடும்ப அட்டையிலே அந்த முகவரி ஏறுகிறது. நான்காம் காட்சியிலேதான் கதாநாயகன் மேடைக்கு வருகிறான், முப்பது நாள் விடுப்பிலே, கையிலே மிட்டாய்ப் பொட்டலத்தோடு. வேலிக்கு உள்ளே நிற்பவன், வெளியே நிற்கும் சொந்தக்காரனைப் பார்த்துக் கேட்கிறான்: "யாரய்யா நீ?"

காவல் நிலையத்திற்கு ஓடினால், "இது சிவில் வழக்கு, நீதிமன்றத்திற்குப் போ" என்கிறார்கள். நீதிமன்றத்திற்குப் போனால், உடும்பு அவனுக்கு முன்பே அங்கே போய்த் தடையாணை கேட்டு நிற்கிறது. விடுப்பு முடிந்துவிடுகிறது, வாய்தா முடியவில்லை!

பவர் பத்திரம் என்றொரு துணைக் கதையும் உண்டு. வீடு கட்ட வேண்டும், வரி கட்ட வேண்டும் என்று நம்பி, உறவினனுக்குப் பொது அதிகாரம் எழுதிக் கொடுத்திருப்பான். அதிகாரம் பெற்றவன் விற்றே விடுவான். பவர் பத்திரத்தைக் கைமாற்றிக்கொண்டதாலேயே நிலத்தின் உரிமை மாறிவிடாது என்று உச்சநீதிமன்றம் 2011 அக்டோபரிலே தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆனால் அந்த அதிகாரத்திலே விற்கும் உரிமையும் எழுதியிருந்து, அதைக் கொண்டு முறைப்படி விற்பனைப் பத்திரமே பதிவாகிவிட்டால்? சொந்தக்காரன் கையெழுத்தே அவன் கழுத்தை அறுக்கிறது.

இனிச் சட்டத்திற்கு வருவோம். 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம், தன் நிலத்தைப் பிறனொருவன் எதிரிடையாக அனுபவிக்கத் தொடங்கிய நாளிலிருந்து 12 ஆண்டுக்குள் சொந்தக்காரன் வழக்குத் தொடர வேண்டும் என்கிறது. தவறினால், வழக்கிடும் வாய்ப்பு மட்டுமா போகிறது? அச்சட்டத்தின் 27ஆவது பிரிவின்படி நிலத்தின்மேல் இருந்த உரிமையே அணைந்துபோகிறது. ஊரிலே இதை அனுபவ பாத்தியம் என்பார்கள். கொட்டகை போட்ட எவனுக்கும் இது கிட்டிவிடாது என்பதையும் சொல்லவேண்டும். ஒளிவின்றி, இடைவிடாமல், உரியவனின் உரிமையை மறுத்தே 12 ஆண்டும் அனுபவித்ததாக அவன் மெய்ப்பித்தாக வேண்டும். வாடகைக்கு இருந்தவன், காவலுக்கு இருந்தவன், இரக்கப்பட்டு இடம் கொடுக்கப்பட்டவன், இவர்களெல்லாம் எத்தனை ஆண்டு இருந்தாலும் அதனால் மட்டும் உரிமை பெறமாட்டார்கள். வரி ரசீது பத்திரமாகிவிடாது, பட்டாவும் அப்படியே. ஏட்டிலே இவ்வளவும் இருக்கிறது. ஏட்டுக்கும் வேலிக்கும் இடையிலே எத்தனை ஆண்டு என்பதுதான் கேள்வி.

அதே சட்டத்திலே 15ஆவது பிரிவைப் படித்தபோது நான் திடுக்கிட்டேன், தோழர்களே! வழக்கிலே எதிர்வாதி இந்தியாவுக்கு வெளியே இருந்தால், அவன் வெளியே இருந்த காலத்தைக் கணக்கிலிருந்து கழித்துவிட வேண்டுமாம். அதாவது, மண்ணைப் பிடித்தவன் வெளிநாடு போனால் கடிகாரம் நிற்கும். மண்ணை இழந்தவன் வெளிநாட்டிலே இருந்தால்? கடிகாரம் ஓடும்! அரசாங்கத்தின் நிலமானால் வழக்கிட 30 ஆண்டு. வட்டாட்சியர் உண்டு, சர்வேயர் உண்டு, காவற்படை உண்டு, கருவூலம் உண்டு; அத்தனையும் உள்ள அரசுக்கு 30 ஆண்டு. பாலைவனத்திலே செங்கல் சுமப்பவனுக்கு 12! இந்தத் தராசைப் பிடித்த கை எந்தக் கையோ!

அவன் அங்கிருந்தபடியே ஆள் வைத்து வழக்காடலாமே என்பர் சட்டம் கற்றோர். வைக்கலாம். அந்த ஆளுக்குக் கொடுக்க வேண்டியதும் ஒரு பவர் பத்திரந்தானே ஐயா!

இந்த 12 ஆண்டுக் கணக்கு நம் பாட்டன் போட்டதல்ல. 1859ஆம் ஆண்டிலே வெள்ளையன் இயற்றிய காலவரையறைச் சட்டத்திலேயே அது இருக்கிறது. அந்த இங்கிலாந்தோ தன் வீட்டிலே விதியை மாற்றிக்கொண்டுவிட்டது. 2002ஆம் ஆண்டின் நிலப்பதிவுச் சட்டப்படி, பதிவான நிலத்தைப் பத்தாண்டு பிடித்திருந்தவன் உரிமை கேட்டு மனுக் கொடுத்தால், பதிவாளர் முதலில் சொந்தக்காரனுக்கு அறிவிப்பு அனுப்புகிறார். சொந்தக்காரன் மறுத்தால், ஒரு சில விலக்குகள் நீங்கலாக, மனுத் தள்ளுபடியாகிறது. பிடித்தவனை வெளியேற்ற அவனுக்கு மேலும் இரண்டாண்டு கிடைக்கிறது. இங்கே 2008இல் நம் உச்சநீதிமன்றமே இந்தச் சட்டம் நியாயத்திற்கு ஒவ்வாதது, மறுபரிசீலனை வேண்டும் என்று கூறியது. 2019இல் அதே நீதிமன்றத்தின் மற்றோர் அமர்வு, 12 ஆண்டு கடத்தியவன் தானே வாதியாக வந்து உரிமை கேட்டும் வழக்கிடலாம் என்றது. 2023 மே மாதத்திலே சட்ட ஆணையம் தன் 280ஆவது அறிக்கையை அளித்து, மாற்றம் தேவையில்லை என்று முடித்தது. ஆணையத்திலே அலுவல்வழி அமர்ந்திருந்த சட்ட அமைச்சகச் செயலாளர்களே அதற்கு மறுப்புக் குறிப்பு எழுதினார்கள்.

கடலுக்கு அப்பால் ஈழத்தைப் பாருங்கள். அங்கே 1871ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்தாண்டு அனுபவித்தால் பாத்தியம். போர் வந்தது. யாழ்ப்பாணத்தான் டொராண்டோவிலே பனி வழித்தான். பாரிசிலே பாத்திரம் துலக்கினான். அவன் காணியிலே வேறொருவர் குடியிருந்தார். வலிகாமம் வடக்கிலே படையே வேலி கட்டிக்கொண்டது. 2016ஆம் ஆண்டிலே இலங்கை நாடாளுமன்றம் ஒரு தனிச் சட்டம் செய்தது: 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை, ஆயுதக் குழுக்களின் செயலால் நீதிமன்றம் ஏற முடியாமற் போனவனுக்கு அந்தக் காலம் கணக்கிலே சேராது. சட்டத்தின் சொற்களிலே எனக்கு வழக்குண்டு. ஆயுதக் குழுவைச் சொன்னது, படையைச் சொல்லவில்லை. வழக்கிடத் தந்த அவகாசமும் குறுகியது. என்றாலும் கடிகாரத்தை நிறுத்த முடியும் என்று காட்டிவிட்டார்களா இல்லையா? கொழும்பிலே முடிந்தது டெல்லியிலே ஏன் முடியவில்லை?

இங்கே ஒரு தோழர் எழுந்து என்னைக் கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். "உழுபவனுக்கே நிலம், குடியிருப்பவனுக்கே மனை என்று முழங்கிய மேடை இது. இன்று அதே மேடையிலே ஊரிலில்லாத சொந்தக்காரனுக்கு வக்காலத்தா?"

செங்கற்பட்டுச் சீமையிலே பிறந்தவன் இதற்கு எளிதிலே விடை சொல்லிவிட முடியாது. மிராசு என்ற பெயரால் ஊர் முழுவதையும் தமக்கே பாத்தியமாக்கிக்கொண்டு, உழுதவனுக்கு அவன் குடிசை நின்ற மண்ணைக்கூட இல்லையென்றாக்கிய சீமை இது. இந்த மாவட்டத்தின் கலெக்டராயிருந்த திரமென்ஹீர், தாழ்த்தப்பட்டோரின் நிலைபற்றி 1891இல் எழுதிய அறிக்கையின் விளைவாகத்தான் 1892இல் அவர்களுக்கென்று நிலம் ஒதுக்கும் ஆணை பிறந்தது. பஞ்சமி நிலம் என்கிறோமே, அது. பிறருக்கு விற்கக்கூடாது என்ற நிபந்தனையோடு கொடுத்த நிலம். அந்த நிபந்தனை இருந்தும் எத்தனை ஏக்கர் கை மாறிற்று! அந்த நிலத்துக்குரியவன் அயல்நாட்டிலே இல்லை. அடுத்த தெருவிலே இருந்தான். ஆனால் வட்டாட்சியர் அலுவலகத்திற்கு அவன் குரல் எட்டுவதற்குக் குவைத்தைவிடத் தொலைவு இருந்தது! காரணையிலே அந்த நிலத்தை மீட்கப் போராடியபோது, 1994 அக்டோபர் 10 அன்று துப்பாக்கி வெடித்தது. ஜான் தாமசும் ஏழுமலையும் மாண்டார்கள்.

ஆகவே குடியிருப்பவனுக்கு எதிராக நான் பேசவில்லை. 1971இல் கலைஞர் ஆட்சியிலே, பிறர் நிலத்திலே குடிசை போட்டு வாழ்ந்த உழவருக்கும் உழவுத் தொழிலாளருக்கும் அந்த மனையையே உரிமையாக்கிச் சட்டம் வந்தது. அது பகலிலே, சட்டமன்றத்திலே, கை உயர்த்தி நிறைவேற்றப்பட்டது. நிலவுடைமையாளன் எதிரே நின்று வாதாட வழி இருந்தது. பெற்றவன் தலைமுறை தலைமுறையாக அந்த மண்ணிலே உழைத்தவன். வேறு போக்கிடம் இல்லாதவன். கீற்றுக் கொட்டகைக்காரன் அவனா? அவனுக்கு ஊரிலே மாடி வீடு. மனைத் தரகு அவன் தொழில். யார் எப்போது விமானம் ஏறினார் என்ற கணக்கு அவன் கையேட்டிலே! குடியிருக்க இடமில்லாதவன் கேட்பது உரிமை. குடியிருக்க இடமிருந்தும் கண் மறைவிலே எடுப்பதற்கு நம் தாத்தா வைத்த பெயர் வேறு.

பர்மாவை நினைவூட்டுவார்கள். அங்கே 1930களின் இறுதியிலே, கீழ்ப் பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில் ஏறத்தாழக் கால் பங்கு நிலம் செட்டியார்கள் கைக்கு வந்திருந்தது. நெல் விலை சரிந்து, கடன் கட்ட முடியாத பர்மிய உழவனிடமிருந்து வந்த நிலம் அது. 1948இல் பர்மா நிலத்தை நாட்டுடைமையாக்கிற்று. அதற்காக நான் அழமாட்டேன். அந்த மண் உழுதவனுடையது. ஆனால் 1964இல் கடைகளையும் பறித்தபோது, பெட்டிக்கடை வைத்திருந்த ஏழைத் தமிழனும் செட்டியாரோடு சேர்ந்து வெறுங்கையோடு கப்பலேறினான். பெரியவனையும் சிறியவனையும் ஒரே கயிற்றால் கட்டுகிற நீதி எந்த நாட்டிலே நடந்தாலும் நீதியல்ல.

இனி நம் வீட்டுக்குள்ளே வருகிறேன். கைதட்டல் இங்கே குறையும், குறையட்டும். வெற்று மனையின் மூலையிலே முதல் நாள் நடப்படுவது எது? வேலிக்கல்லா? இல்லை, கொடிக்கம்பம்! கொடி ஏறிய மண்ணிலே கை வைக்க அதிகாரி அஞ்சுவான் என்று உடும்புக்குத் தெரியும். எந்தக் கட்சிக் கொடி என்று கேட்காதீர்கள். எல்லா நிறமும் பார்த்திருக்கிறேன். நம் நிறமும் பார்த்திருக்கிறேன். அடிபட்டும் சிறைப்பட்டும் முன்னோர் ஏற்றிய கொடியை, எவனோ ஒருவன் நான்கு சென்ட் திருடுவதற்கு வேலிக்கல்லாக நடுகிறான். நாமும் கிளையிலே அவனுக்கு நாற்காலி போடுகிறோம்!

இதே வட்டத்து உத்திரமேரூரிலே, பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. குடவோலை முறை என்று உலகமே பாராட்டுகிறது. அது சதுர்வேதிமங்கலத்துச் சபை. அந்தக் குடத்திலே சேரிக்காரனுக்கு ஓலை இல்லை என்பதை மறந்துவிட்டு நான் பாராட்டமாட்டேன். ஆனால் யார் பெயரைக் குடத்திலே இடக்கூடாது என்று அவர்கள் வெட்டி வைத்த பட்டியலிலே ஒருவன் இருக்கிறான்: பிறர் பொருளைக் கவர்ந்தவன். ஆயிரத்து நூறு ஆண்டுக்கு முன் அந்தச் சபையிலே நுழைய முடியாதவன், இன்று நம் கிளைக் கூட்டத்திலே முன் வரிசையிலே உட்காரலாமா? பிறன் மனையைப் பிடித்திருப்பவன் எவனும் கிளைப் பொறுப்புக்குப் போட்டியிடலாகாது என்ற தீர்மானத்தை இந்த ஒன்றியத்திலிருந்தே தொடங்கும்படி மாவட்டச் செயலாளரை இம்மேடையிலேயே கேட்டுக்கொள்கிறேன். சினம் வருகிறவர்கள் வந்து என்னிடம் சினந்துகொள்ளலாம். இன்றிரவு இங்கேதான் தங்குகிறேன்.

காலவரையறைச் சட்டம் மாறும்வரை கைகட்டி நிற்க வேண்டியதில்லை. வெளிநாட்டிலே இருப்போரின் குடும்பத்தினர் இங்கே நிறைய இருக்கிறீர்கள். மனையை ஒருவரிடம் பார்த்துக்கொள்ளச் சொன்னால் அதை எழுத்திலே வாங்குங்கள். அனுமதியோடு இருப்பவன் என்பதற்கு அதுவே சான்று. பவர் கொடுக்க நேர்ந்தால் என்னென்ன செய்யலாம் என்று வரிவரியாக எழுதி, விற்கும் அதிகாரத்தைத் தராதீர்கள். ஆண்டுக்கொரு முறை வில்லங்கச் சான்று எடுங்கள். பட்டாவை உடனே பெயர் மாற்றுங்கள். அளந்து கல் நடுங்கள். வெளியேற்றப்பட்டால் ஆறு மாதத்திற்குள் வழக்கிடுங்கள்; அதற்குள் போனால், பத்திரம் யார் பெயரிலே என்று ஆராயாமலே அனுபவத்தை மீட்டுத் தரக் குறித்த நிவாரணச் சட்டத்தின் 6ஆவது பிரிவு இருக்கிறது. ஆறு மாதம் கடந்தால் நெடும்பாதைதான்.

இளைஞரணித் தோழர்களுக்கு ஒரு வேலை. ஞாயிற்றுக்கிழமை காலை படிப்பகத்திலே இரண்டு பேர் உட்காருங்கள். எழுதத் தெரியாத தாய்மார்கள் பத்திர நகலோடு வருவார்கள். சர்வே எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். வில்லங்கத்துக்கு மனு எழுதிக் கொடுங்கள். மனையை நேரிலே போய்ப் பாருங்கள். அங்கே ஆடு கட்டியிருந்தால் ஆட்டுக்காரரிடம் அன்பாகப் பேசுங்கள். நம் கொடிக்கம்பம் நட்டிருந்தால், பேச வேண்டியதில்லை. பிடுங்கிக்கொண்டு வந்து படிப்பக வாசலிலே நடுங்கள்.