பெட்டியில் இல்லாத திருத்தங்கள்

மாத்தளை மாவட்டத்தின் வடபகுதியில், கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் பெருஞ்சாலையும் குருணாகலிலிருந்து திருகோணமலை செல்லும் பெருஞ்சாலையும் சந்திக்குமிடத்தே தம்புள்ளை நகரம் அமைந்திருக்கின்றது. அந்நகரை அடுத்து, சமவெளியிலிருந்து ஏறத்தாழ 160 மீற்றர் உயர்ந்து நிற்கும் பாறைக் குன்றிலே ஐந்து குகைக் கோயில்கள் உள. அவற்றுள் 157 சிலைகளும், 2,100 சதுர மீற்றர் பரப்பினை மூடிய ஓவியங்களும் இருக்கின்றன. 1991ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் இவ்விடத்தை உலக மரபுரிமைச் சின்னமாக ஏற்றுக்கொண்டது.

இக்குகைகளைக் காணச் செல்லும் மாணவர் எழுப்பத்தக்க வினா ஒன்றுண்டு. இங்கே தோன்றும் ஓவியம் எக்காலத்தது? கிறிஸ்துவுக்கு முந்திய முதலாம் நூற்றாண்டில் வட்டகாமணி அபய மன்னன் இக்குகைகளைக் கோயிலாக்கினான் என்பது மரபு. பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஆண்ட நிசங்கமல்லன் 73 சிலைகளுக்குப் பொன் பூசுவித்ததாக அவன் கல்வெட்டுக் கூறும். இன்று கண்ணுக்குப் புலனாகும் ஓவியங்களிற் பெரும்பாலானவை, 1747 முதல் 1782 வரை கண்டியில் அரசாண்ட நாயக்க மரபினனாகிய கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் காலத்திலே பழையவற்றின்மேல் புதிதாகத் தீட்டப்பெற்றவை. குகைகளின் முன்னுள்ள வளைவு முகப்போ 1938ஆம் ஆண்டிற் கட்டப்பட்டது. ஆகவே, கடைசியாக நடந்த திருப்பணியே கண்முன் நிற்கின்றது. முதலில் இருந்தது அதன் கீழ் மறைந்துவிட்டது.

நேயர்களே, தொன்மைச் சின்னத்தைப் பற்றிய இவ்வினா, இக்காலத்து இளைஞர் சேகரிக்கும் வீடியோ விளையாட்டுகளிலும் எழுகின்றது. ஆயின் அங்கே நிலைமை தலைகீழாக இருக்கின்றது. காசு கொடுத்து வாங்கிப் பெட்டியில் வைத்திருக்கும் பொருளில் முதற்பதிப்பு மட்டுமே இருக்கின்றது. பின்னர் செய்யப்பட்ட திருத்தங்கள் அப்பொருளில் இல்லை; அவை வேறோரிடத்தில், வேறொருவர் கையில் இருக்கின்றன. அவர் கதவை அடைத்துவிட்டால், சேகரித்தவன் கையில் எஞ்சுவது யாது?

இதனை விளங்கிக்கொள்வதற்குக் கார்ட்ரிட்ஜ் என்னும் சிறு பேழையின் வரலாற்றைச் சற்று நோக்குதல் வேண்டும். மாற்றிப் பொருத்தத்தக்க நினைவகப் பேழைகளால் இயங்கும் முதலாவது வீட்டு விளையாட்டுக் கருவி 1976ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே ஃபெயார்சைல்ட் நிறுவனத்தாரால் வெளியிடப்பட்டது. 1983ஆம் ஆண்டு யூலை மாதத்தில் யப்பானில் நின்டெண்டோ நிறுவனத்தார் வெளியிட்ட ‘ஃபமிலி கொம்பியூட்டர்’ என்னும் கருவி இம்முறையை இல்லந்தோறும் கொண்டு சென்றது. அக்காலத்துப் பேழையினுள் இருந்த நினைவகம் தொழிற்சாலையிலேயே நிரந்தரமாக எழுதப்பெற்றது. பின்னர் அதில் ஒரு புள்ளியையேனும் மாற்ற இயலாது. ஆதலின் விளையாட்டை ஆக்கியோர், பிழைகளைக் களைந்த பின்னரே அதனைத் தொழிற்சாலைக்கு அனுப்ப வேண்டியிருந்தது. கல்லில் வெட்டப்போகும் எழுத்தைச் சிற்பி எத்துணைக் கவனத்தோடு பார்ப்பானோ, அத்துணைக் கவனம் அங்கே வேண்டப்பட்டது.

அவ்வாறு பார்த்தும் பிழைகள் நேர்ந்தன. அப்போது அடுத்த முறை உற்பத்தி செய்யும் பேழைகளிலே திருத்தம் செய்தனர். 1998ஆம் ஆண்டில் வெளிவந்த ‘ஒகரினா ஒஃப் டைம்’ என்னும் புகழ்பெற்ற விளையாட்டின் பிந்திய பதிப்பில், ஓர் இசைப்பகுதியும், காட்டப்பட்ட குருதியின் நிறமும் மாற்றப்பட்டன. பழைய பேழை பழையபடியே இருந்தது. புதிய பேழை புதியபடியே இருந்தது. இரண்டும் வேண்டுவோர் இரண்டையும் தேடிப் பெற்றனர். இது நூற்பதிப்பு முறையை ஒத்தது. உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887ஆம் ஆண்டில் முதன்முறை பதிப்பித்தார். இரண்டாம் பதிப்பு 1907ஆம் ஆண்டில் வெளிவந்தது. முதற்பதிப்பு ஒருவர் வீட்டிலும் இரண்டாம் பதிப்பு மற்றொருவர் வீட்டிலும் இருக்கலாம். இரண்டையும் ஒப்பிட்டுப் பதிப்பாசிரியரின் உழைப்பைக் கற்போர் அறியலாம். பழைய தமிழ் நூல்களின் இறுதியில் ‘பிழைதிருத்தம்’ என்று ஒரு பக்கம் காணப்படுவதுண்டு. பிழையும் அதன் திருத்தமும் ஒரே கட்டடத்துள் இருந்தன; நூலை விற்றாலும் கொடுத்தாலும் இரண்டும் ஒன்றாகவே சென்றன.

இணையம் வந்தபின் இந்நிலை மாறியது. 2017ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் வெளிவந்த நின்டெண்டோ ஸ்விட்ச் கருவியை எடுத்துக்கொள்வோம். அதன் கார்ட்ரிட்ஜ் கட்டைவிரல் நகத்தினும் சற்றே பெரியது. அதனைக் கருவியிற் செருகியதும், கருவி இணையத்தின் வழியே நிறுவனத்தின் சேவையகத்தை நாடி, அவ்விளையாட்டுக்குரிய திருத்தங்களைப் பெறுகின்றது. அத்திருத்தங்கள் கார்ட்ரிட்ஜில் எழுதப்படுவதில்லை. கருவியின் நினைவகத்திலோ, அதிற் பொருத்திய நினைவட்டையிலோ தங்குகின்றன. கார்ட்ரிட்ஜை மற்றொருவருக்கு விற்றால் திருத்தம் அதனோடு செல்லாது. பிழைதிருத்தப் பக்கத்தைக் கிழித்து அலமாரியில் வைத்துக்கொண்டு நூலை மட்டும் விற்றதற்கு இது ஒப்பாகும்.

சிறு திருத்தமாயின் பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை. ஆனால் பின்னர் அனுப்பலாம் என்னும் வசதி, முடியாத பொருளை முன்னரே விற்கும் துணிவையும் தந்துவிட்டது. 2015ஆம் ஆண்டு செப்டெம்பரில் வெளிவந்த ‘டோனி ஹோக்ஸ் ப்ரோ ஸ்கேட்டர் 5’ என்னும் விளையாட்டின் இறுவட்டில் இருந்தது ஏறத்தாழ 4.6 கிகாபைற்று, வெளியான நாளிலேயே இணையத்திற் பெறவேண்டியிருந்த திருத்தமோ 7.7 கிகாபைற்று. அதனைப் பெறாதவருக்குப் பயிற்சிப் பகுதியும், விளையாட்டுத் திடலை அமைக்கும் பகுதியுமே கிடைத்தன. ஆடையை விடப் பெரிய ஒட்டு! 2025ஆம் ஆண்டு யூன் மாதத்தில் வெளிவந்த ஸ்விட்ச் 2 கருவிக்கு விற்கப்படும் சில கார்ட்ரிட்ஜ்களில் விளையாட்டே இல்லை. ‘கேம்-கீ கார்ட்’ என்னும் அவை திறவுகோல்களாக மட்டுமே பயன்படுகின்றன. விளையாட்டு முழுவதையும் இணையத்திலிருந்து பெறவேண்டும். பெட்டியின் முகப்பில் அவ்விவரம் அச்சிடப்பட்டிருக்கின்றது என்பதையும் நேர்மையின் பொருட்டுக் குறிப்பிட வேண்டும்.

இணையக் கதவுகள் என்றும் திறந்திருப்பவையல்ல. மைக்ரோசொஃப்ட் நிறுவனத்தின் முதலாவது எக்ஸ்பொக்ஸ் கருவிக்குரிய இணையச் சேவை 2010ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் திகதி நிறுத்தப்பட்டது. நின்டெண்டோவின் வீ கருவிக்குரிய இணையக் கடை 2019ஆம் ஆண்டு சனவரி 30ஆம் திகதி மூடப்பட்டது. 3டீஎஸ், வீ யூ ஆகிய கருவிகளின் கடைகளில் விற்பனை 2023ஆம் ஆண்டு மார்ச் 27ஆம் திகதி முடிவுற்றது. முன்னர் வாங்கியவற்றையும் திருத்தங்களையும் எதிர்நோக்கத்தக்க காலம்வரை தொடர்ந்து பெறலாம் என அப்போது அறிவித்த நிறுவனம், என்றென்றைக்கும் பெறலாம் எனக் கூறவில்லை. அவ்வாறு கூறுதல் எந்த வணிக நிறுவனத்துக்கும் இயலாது.

இச்செய்தி தொழில்நுட்பம் செழித்த நாடுகளுக்கு மட்டும் உரியதன்று. தம்புள்ளையைச் சுற்றியுள்ள ஊர்களிலே மரக்கறி பயிரிட்டு, அதனைப் பொருளாதார மத்திய நிலையத்திற்கு ஏற்றி அனுப்பும் குடும்பங்கள் பல. அத்தகைய வீடொன்றில், பிள்ளை சேர்த்து வைத்த காசுக்குப் பழைய கருவியொன்றும் இரண்டு கார்ட்ரிட்ஜ்களும் வாங்குவதாகக் கொள்வோம். பெட்டியின் மேலுள்ள படம் முழு விளையாட்டையும் காட்டுகின்றது. கருவியோ மேலும் சில கிகாபைற்றுகளை இணையத்திற் பெறுமாறு கேட்கின்றது. அலைபேசித் தரவை அளந்து செலவிடும் வீட்டில் இஃது இரண்டாவது விலையன்றோ? நகரத்தில் விரைவான இணைப்பு உள்ளவனும், மலையடிவாரத்தில் அவ்விணைப்பு இல்லாதவனும் ஒரே விலை கொடுத்து வெவ்வேறு பொருளைப் பெறுகின்றனர். ஏழைக்கே குறைந்த பொருள் வாய்க்கின்றது.

திருத்தம் செய்வதே தீது என்று கூறுதல் தகாது. பிழையுள்ள பொருளைப் பிழையோடு விட்டுவிடுவதைவிடப் பின்னரேனும் திருத்துவது நன்று. விளையாட்டுகள் முன்னையினும் பன்மடங்கு பெரியனவாகிவிட்டன; கொள்ளளவு மிகுந்த கார்ட்ரிட்ஜுக்குச் செலவும் மிகுதி. ஆக்கியோர் பக்கத்து நியாயம் இது. அவர்களிடம் வேண்டத்தக்கது பெரிதொன்றன்று: திருத்தங்கள் யாவும் முடிந்தபின், அவற்றையெல்லாம் உள்ளடக்கிய ஒரு பேழையை வெளியிடுதல். வெளியீட்டாளர் சிலர் இப்போதே அவ்வாறு செய்கின்றனர். அத்தகைய முழுமைப் பதிப்புக்காகச் சேகரிப்போர் ஓராண்டு, ஈராண்டு காத்திருப்பதும் உண்டு.

வாங்குவோரும் சில வழக்கங்களைக் கைக்கொள்ளலாம். வாங்குமுன் விளையாட்டு முழுவதும் பேழையிலேயே உள்ளதா என விசாரித்தல் முதலாவது. வாங்கியபின் இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டு, திருத்தமின்றி எவ்வளவு தூரம் விளையாட முடிகிறது எனச் சோதித்தல் இரண்டாவது. திரையிற் காணப்படும் பதிப்பு எண்ணையும் நாளையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்தல் மூன்றாவது. திருத்தம் பெற்ற பழைய கருவியை, புதிய கருவி வந்ததென்று அழித்தோ விற்றோ விடாமல், கார்ட்ரிட்ஜோடு சேர்த்தே பேணுதல் நான்காவது. ஸ்விட்ச் கருவியில் மற்றொரு வசதியும் உண்டு. ஒரே விளையாட்டைக் கொண்ட இரண்டு கருவிகள் அருகருகே இருந்தால், இணையமின்றியே ஒன்றிலுள்ள திருத்தத்தை மற்றொன்று பெற்றுக்கொள்ளலாம். அயல்வீட்டில் நெருப்பு வாங்கி அடுப்பு மூட்டிய ஊர்களுக்கு இம்முறை புதியதன்று.

ஆயினும் தனியொருவர் முயற்சி ஓர் ஆயுட்காலத்தோடு முடிந்துவிடும். நெடுங்காலம் பேணுதல் நூலகங்களின் கடமை. யப்பானின் தேசிய நூலகம் 2000ஆம் ஆண்டுமுதல், பெட்டியிலடைத்து விற்கப்படும் மின்னணு வெளியீடுகளையும் சட்டப்படி பெற்றுச் சேர்க்கின்றது. அவற்றுள் விளையாட்டுகளும் அடங்கும். அமெரிக்காவிலுள்ள வீடியோ விளையாட்டு வரலாற்று நிறுவனம் 2023ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வின்படி, அந்நாட்டில் 2010க்கு முன் வெளிவந்த விளையாட்டுகளில் நூற்றுக்கு 87 பங்கு இன்று கடைகளில் வாங்க முடியாதவை. இலங்கையிலே அச்சிட்ட நூல்களின் பிரதிகளை அரசிடம் ஒப்படைக்கும் ஏற்பாடு 1885ஆம் ஆண்டின் சட்டத்தால் வந்தது. அச்சாகி முடிந்த நூல் தன்னளவில் முழுமையானது என்னும் எண்ணம் அத்தகைய ஏற்பாடுகளுக்கெல்லாம் அடிப்படை. பெட்டி ஓரிடத்திலும் திருத்தம் வேறோரிடத்திலுமாக வரும் ஆக்கங்களுக்கு அவ்வெண்ணம் போதாது. பெட்டியைப் பெறும் நூலகம், அதற்குரிய திருத்தங்களையும் கேட்டுப் பெறும் உரிமை உடையதாதல் வேண்டும்.

விளையாட்டுக்காகவா இத்துணைப் பேச்சு என்று பெரியோர் சிலர் எண்ணக்கூடும். பாடநூலும், அகராதியும், வீட்டுக் கணக்கும், பிள்ளையின் புகைப்படமும் இதே வழியிற் சென்றுகொண்டிருக்கின்றன. கையில் இருப்பது எவ்வளவு, பிறர் கையில் இருப்பது எவ்வளவு என்று கேட்கும் பழக்கத்தை ஒரு சிறுவன் தன் விளையாட்டுப் பெட்டியிலிருந்தே கற்றுக்கொள்வானாயின், அந்தப் பெட்டிக்கு அவன் கொடுத்த காசு வீண்போகவில்லை.