முதலில் ஆஸ்பத்திரியில் சொல்லுங்கள்

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் டாக்டர் இல்லை. பி.காம். படித்துவிட்டு வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். ஆனால் நம் குடியிருப்பிலிருந்து நர்ஸாகவும் லேப் டெக்னீஷியனாகவும் எக்ஸ்ரே பிரிவிலும் வேலைக்குப் போகிற மகள்களும் மருமகள்களும் இருக்கிறார்கள். அவர்கள் முழுகாமல் இருக்கும்போது வேலை இடத்தில் எப்படிப் பாதுகாப்பாக இருப்பது என்பதுதான் இன்றைய பேச்சு. மருத்துவ விவரங்களைப் படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டேன். சட்டமும் காகிதமும் எனக்குப் பழகிய விஷயம்.

2021 மே மாதம் கொரோனா இரண்டாம் அலையில், மதுரை அனுப்பானடி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பணியாற்றிய டாக்டர் சண்முகப்பிரியா இறந்துபோனார். எட்டு மாதக் கர்ப்பிணி. அந்த வருடம் ஜனவரி 16 முதலே சுகாதாரப் பணியாளர்களுக்குத் தடுப்பூசி போட ஆரம்பித்துவிட்டார்கள். ஆனால் கர்ப்பிணிகளுக்கு அனுமதி இல்லை. மத்திய அரசு அனுமதி கொடுத்தது ஜூலை 2-ம் தேதி. அவர் போய் ஏறக்குறைய இரண்டு மாதம் கழித்து.

மருத்துவம் படித்தவருக்கே இந்த நிலை. படிப்பு மட்டும் ஒருவரைக் காப்பாற்றிவிடாது. வேலை பார்க்கிற இடமும் அவரைக் கணக்கில் எடுத்து நடக்க வேண்டும். அதற்கு முதல் படி, அந்த இடத்துக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.

இங்கேதான் நம் வீட்டுப் பழக்கம் குறுக்கே வருகிறது. மூன்று மாதம் முடியும்வரை வெளியில் சொல்லக்கூடாது, கண் பட்டுவிடும் என்பார்கள். என்னிடம் லீவு விண்ணப்பம் எழுத வந்த ஒரு பெண் ஐந்தாம் மாதம்வரை ஆஸ்பத்திரியில் மூச்சு விடவில்லை. “முதல்ல அத்தை சொல்லாதேன்னாங்க, பெரியப்பா. அப்புறம் வேலைய விட்டு நிப்பாட்டிருவாங்களோன்னு எனக்கே பயம் வந்திருச்சு” என்றாள். அதுவரை எல்லா டூட்டியும் பார்த்திருக்கிறாள், நைட் டூட்டி உட்பட.

நாள் தள்ளிப்போனது தெரியும்போதே டாக்டர்கள் கணக்கில் நாலு வாரம் ஓடியிருக்கும். அடுத்த சில வாரங்களில்தான் குழந்தையின் இதயமும் மூளையும் கை கால்களும் உருவாகின்றன. அதாவது, நாம் ரகசியம் காக்கிற அந்த மூன்று மாதத்தில்தான் பிள்ளைக்குப் பாதுகாப்பு அதிகம் தேவை. ஊருக்குச் சொல்ல வேண்டாம், உறவுக்குச் சொல்ல வேண்டாம். வார்டு இன்சார்ஜ் சிஸ்டருக்கு மட்டும் உடனே சொல்லிவிட வேண்டும்.

சொன்னால் என்ன மாறும்? எக்ஸ்ரே பிரிவை எடுத்துக்கொள்வோம். நம் நாட்டில் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதி இருக்கிறது. பணியாளர் கர்ப்பம் என்று தெரிவித்த பிறகு, மீதி மாதங்கள் முழுவதற்கும் வயிற்றுப் பிள்ளைக்கு 1 மில்லிசீவர்ட்டுக்கு மேல் கதிர்வீச்சு போகக்கூடாது. தெரிவிக்காதவரை அவரும் மற்றப் பணியாளர்களைப் போலத்தான் நடத்தப்படுவார். அவர்களுக்கான வரம்போ சராசரியாக வருடத்துக்கு 20 மில்லிசீவர்ட். வார்டுக்குள்ளேயே எக்ஸ்ரே வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து படம் எடுப்பார்கள் இல்லையா, அப்போது நர்ஸ் குறைந்தது இரண்டு மீட்டராவது தள்ளி நிற்க வேண்டும். நோயாளியைப் பிடித்துக்கொள்ளும் வேலையை வேறு ஆள் செய்யட்டும்.

புற்றுநோய் மருந்து கலக்குவது, மயக்க வாயு கசிகிற ஆபரேஷன் தியேட்டர், எத்திலீன் ஆக்சைடு வாயுவில் கருவிகளைச் சுத்தம் செய்யும் அறை, இவற்றிலிருந்தும் மாற்று டூட்டி கேட்க வேண்டும். பருத்த நோயாளியைத் தனியாகத் தூக்கிப் புரட்டுவது, மணிக்கணக்கில் நிற்பது, தொடர்ந்து நைட் டூட்டி, இவையும் குறைய வேண்டும்.

அடுத்து நோய்த்தொற்று. சின்னம்மை, ருபெல்லா இரண்டுக்குமான தடுப்பூசிகளைக் கர்ப்ப காலத்தில் போடக்கூடாது. போட்ட பிறகு ஒரு மாதமாவது கழித்துத்தான் கரு தரிக்க வேண்டும். ஆகவே ஆஸ்பத்திரி வேலைக்குப் போகும் பெண்ணுக்குக் கல்யாணப் பேச்சு எடுக்கும்போதே இதையும் டாக்டரிடம் கேட்டு முடித்துவிடுவது நல்லது. அந்த ஊசி போடாத, முன்பு அம்மையும் வராத பெண், அம்மை போட்ட நோயாளி இருக்கிற அறைக்குப் போகக்கூடாது. ஹெபடைடிஸ் பி ஊசியைக் கர்ப்ப காலத்திலும் போடலாம்.

நோயாளிக்குப் போட்ட ஊசி தவறிக் கையில் குத்திவிட்டால் பிதுக்கக்கூடாது, வாயில் வைக்கக்கூடாது. சோப்பும் தண்ணீரும் விட்டுக் கழுவி, உடனே பொறுப்பு டாக்டரிடம் சொல்ல வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை தேவைப்பட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. 72 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. கர்ப்பிணியும் அதைச் சாப்பிடலாம். வயிற்றில் பிள்ளை இருக்கிறதே என்று பயந்து மறைப்பதுதான் ஆபத்து.

இனி சட்டம். 1961-ல் மகப்பேறு நலச் சட்டம் வந்தது. 2017-ல் அதைத் திருத்தி லீவை 26 வாரமாக்கினார்கள். 2025 நவம்பர் 21 முதல் இந்த உரிமைகள் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் வந்துவிட்டன. பிரசவத்துக்கு முந்திய 12 மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருந்தால் சம்பளத்தோடு 26 வாரம் லீவு. அதில் 8 வாரத்தை முன்னாலேயே எடுக்கலாம். ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள் இருந்தால் 12 வாரம். இந்த லீவில் இருக்கும்போது வேலையை விட்டு நீக்குவது சட்டவிரோதம். சம்பளம் மாதம் ரூ.21,000-க்குள் இருந்து இ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தால், லீவுக் காலப் பணம் இ.எஸ்.ஐ.-யில் இருந்து வரும். சம்பளச் சீட்டில் அந்தப் பிடித்தம் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

கான்ட்ராக்ட் வேலைதானே, நமக்கு ஏது இதெல்லாம் என்று நினைக்க வேண்டாம். எம்.ஆர்.பி. செவிலியர் சங்கம் தொடுத்த வழக்கில் 2025-ல் சென்னை உயர் நீதிமன்றம், ஒப்பந்த நர்ஸ்களுக்கும் மகப்பேறு உரிமை உண்டு, ஒப்பந்தத்தில் எழுதியதைவிடச் சட்டமே மேலானது என்று சொல்லிவிட்டது.

சட்டத்தில் இன்னொன்றைக் கவனியுங்கள். பிரசவத் தேதிக்கு முந்திய ஆறு வாரம், அதற்கும் முந்திய ஒரு மாதம், இந்தக் காலத்தில் கடினமான வேலையோ நீண்ட நேரம் நிற்கிற வேலையோ கொடுக்கக்கூடாது என்று இருக்கிறது. எப்போது? அந்தப் பெண் கேட்டுக்கொண்டால். கேட்காதவருக்கு அந்தப் பாதுகாப்பு தானாக வராது.

வாயால் கேட்டால் போதாது. வங்கியில் பணம் கட்டினால் சலான் அடிக்கட்டையில் சீல் வாங்காமல் யாராவது நகர்வோமா? அதே மாதிரிதான். பெயர், பணி எண், பிரசவம் எதிர்பார்க்கும் தேதி, எந்த டூட்டியிலிருந்து மாற்றம் வேண்டும் என்று ஒரு பக்கத்தில் எழுதுங்கள். டாக்டர் சான்றிதழை இணையுங்கள். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் தேதியோடு கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாங்க மறுத்தால் ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். பிறகு வேலையிலிருந்து நிறுத்தப் பார்த்தால் அந்தத் தாள்தான் உங்கள் பக்கம் பேசும். எழுதத் தயக்கமாக இருந்தால் என்னிடம் வாருங்கள், எழுதித் தருகிறேன்.

கடைசியாக நமக்கு. மாமியார்மார்களே, மூன்று மாத ரகசியத்திலிருந்து ஆஸ்பத்திரியை மட்டும் விலக்கிவிடுங்கள். நைட் டூட்டி முடித்துப் பகலில் தூங்குகிற பெண் இருக்கும் வீட்டில் காலிங் பெல் அடிக்காதீர்கள். பக்கத்து வீட்டில் டிரில்லிங் வேலை இருந்தால் முன்கூட்டியே நேரம் சொல்லுங்கள். சாரல் காலத்தில் படிக்கட்டும் வண்டி நிறுத்தும் இடமும் வழுக்குகின்றன. அங்கே சொரசொரப்பான பாய் போடவும், இரவு விளக்கை அணைக்காமல் வைக்கவும் நிர்வாகக் குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். பெரிய செலவு இல்லை.

ஊரார் பிள்ளைகளின் பிரசவத்துக்குத் துணை நிற்கிற பெண்கள் இவர்கள். இவர்கள் பிள்ளைகளுக்கு நாம் துணை நிற்போம்.