ரூட் பாஸ்வேர்டும் ஒரு சிடியும்

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வாழ்க்கையில் முன்னேறுவது எப்படின்னு பேசச் சொல்லித்தான் செயலாளர் கூப்பிட்டார். அதற்கு என்னைவிடத் தகுதியானவங்க முன்வரிசையிலேயே இருக்காங்க. எனக்குத் தெரிஞ்சது லினக்ஸ். அதனால் சிடி எழுதின கதையைச் சொல்கிறேன்.

2002-இல் இறுதியாண்டு ப்ராஜெக்ட்டை சிடியில் கொடுக்க வேண்டும் என்றார்கள். லேபில் இருந்தது ஒரே ஒரு சிடி ரைட்டர். லினக்ஸில் அதில் எழுத ரூட் பாஸ்வேர்ட் வேணும். அது லேப் அசிஸ்டென்ட் அண்ணனிடம் மட்டும்தான். அவர் டீ குடிக்கப் போனால் வரிசை அப்படியே நிற்கும். எங்கள் தொல்லை தாங்காமல் ஒருநாள் சீட்டில் எழுதி மானிட்டரிலேயே ஒட்டிவிட்டார். மறுவாரம் யாரோ ரூட்டாக நுழைந்து தன் டைரக்டரியை அழிக்கப் போய், பக்கத்து டைரக்டரியையும் சேர்த்து அழித்துவிட்டார்கள். இரண்டு பேரின் ப்ராஜெக்ட் போச்சு. திட்டு வாங்கியது அண்ணன். அந்த "யாரோ" நான்தான். அண்ணன் இன்றைக்கு வந்திருக்கிறார். அவரிடம் காலையிலேயே சொல்லிவிட்டேன்.

ஒரு சிடி எழுத ஏன் முழு அதிகாரம் வேண்டியிருந்தது? அதில் நியாயம் இருந்தது. எழுத ஆரம்பித்த லேசர் அந்தக் காலத்து டிரைவ்களில் நடுவில் நிற்க முடியாது. நான்கு மடங்கு வேகம் என்றால் நொடிக்கு 600 கிலோபைட் ஓயாமல் போய்க்கொண்டே இருக்கணும். டிரைவுக்குள் 2 மெகாபைட் தேக்கம் இருந்தால் மூன்று நொடிச் சொச்சம் தாங்கும். அதற்குள் தரவு வராவிட்டால் சிடி டீ டம்ளருக்கு அடியில் வைக்கத்தான் ஆகும். பக்கத்தில் ஒருத்தன் பெரிய புரோகிராமை கம்பைல் பண்ணினாலே மவுஸ் விக்கி விக்கி நகர்ந்த காலம் அது. அதனால் யோர்க் ஷில்லிங் எழுதிய 'சிடிரெக்கார்ட்', தன்னை மெமரியில் பூட்டிக்கொள்ளும். நிகழ்நேர முன்னுரிமையும் எடுத்துக்கொள்ளும். இரண்டுமே ரூட்டுக்கு மட்டும் உரிய சலுகைகள். நிகழ்நேர முன்னுரிமையோடு ஒரு புரோகிராம் முடிவில்லாமல் சுற்றினால், ஒற்றை சிபியு மெஷின் அப்படியே உறைந்துபோகும். கண்டவன் கையில் கொடுக்க முடியுமா?

2000-இல் சான்யோ கொண்டுவந்த 'பர்ன்-ப்ரூஃப்' லேசரை நிறுத்தி, விட்ட இடத்திலிருந்து தொடர வைத்தது. எங்கள் லேபுக்கு அது வரவில்லை, அது வேறு கதை.

வேடிக்கை அடுத்து வந்தது. டிரைவைத் திறக்க அனுமதி பெற்ற யாரும் அதற்கு எந்தக் கட்டளையும் அனுப்பலாம், உள்ளே இருக்கும் ஃபர்ம்வேரையே அழிக்கலாம் என்ற ஓட்டை தெரியவந்தது. 2004 ஆகஸ்டில் வந்த கெர்னல் 2.6.8 கட்டளைகளை வடிகட்டியது. விளைவு? பலருக்கு சிடி எழுதுவதே நின்றது. சிலர் மறுபடி ரூட்டாகவே ஓட்டினார்கள்! பாதுகாப்புக்காகப் போட்ட பூட்டு, ஆட்களைப் பழைய ஆபத்துக்கே துரத்தியது. எங்கள் மானிட்டர் சீட்டும் அப்படித்தானே வந்தது? பிறகுதான் வழி சீரானது. 2.6.9-இல் சாதாரணப் பயனரும் ஒரு வரம்புக்குள் மெமரியைப் பூட்டலாம் என்றானது. 2005-இல் 2.6.12, யாருக்கு எவ்வளவு முன்னுரிமை என்று நிர்வாகி அளந்து கொடுக்க இடம் தந்தது.

இங்கே ஒருவரைச் சொல்லியே ஆகணும். கான் கோலிவாஸ், ஆஸ்திரேலியாவில் மயக்க மருந்து டாக்டர். தன் வீட்டு மெஷினில் பாட்டு திக்குவது பிடிக்காமல் கெர்னலுக்குள் இறங்கியவர். ரூட் இல்லாதவருக்கும் ஏறக்குறைய நிகழ்நேரச் சலுகை; அளவுக்கு மேல் சிபியுவைத் தின்றால் சாதாரண வரிசைக்கே இறக்கம் என்று ஒரு முறை செய்தார். முதன்மைக் கெர்னலில் அது சேரவில்லை. சிபியுவைச் சமமாகப் பங்கிடலாம் என்று அவர் காட்டிய பிறகு, இங்கோ மோல்னார் அதே எண்ணத்தில் எழுதிய ஷெட்யூலர்தான் 2007-இல் 2.6.23-இல் ஏறியது. கான் அந்த ஆண்டே மனம் கசந்து ஒதுங்கினார். 2009-இல் இன்னொரு ஷெட்யூலரோடு திரும்பி வந்தார். டாக்டருக்கு நியாயம் கிடைக்கவில்லை என்பது என் கட்சி. மாற்றுக் கட்சிக்காரர்கள் இந்த அரங்கிலேயே இருக்கிறார்கள். சாப்பாட்டு இடைவேளையில் சண்டை போடலாம்.

உங்கள் லேப்டாப்பில் சிடி டிரைவே இருக்காது. ஆனாலும் லினக்ஸில் நீங்கள் பாட்டுக் கேட்கும்போது, ஒலியைக் கவனிக்கும் புரோகிராம் 'ரியல்டைம்கிட்' என்ற இடைத்தரகரிடம் கேட்டு நிகழ்நேர முன்னுரிமை வாங்குகிறது. மெஷினைத் திணறடித்தால் அது திரும்பப் பிடுங்கப்படும். யாரும் உங்களிடம் ரூட் பாஸ்வேர்ட் கேட்பதில்லை.

லேப் பொறுப்பில் இருக்கும் மாணவர்களுக்கு ஒரு வேலை. எதற்கெல்லாம் உங்கள் லேபில் ரூட் கேட்கிறார்கள் என்று ஒரு பட்டியல் போடுங்கள். பாதிக்கு ஒரு குரூப்பில் பெயரைச் சேர்த்தாலே போதும். மீதிக்கு என்னைக் கூப்பிடுங்கள், வருகிறேன். மானிட்டரில் சீட்டு மட்டும் வேண்டாம்.