நிதானத்திற்கேற்ற தொடக்கம்
(பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இலக்கிய மேடையில் சதுரங்கத்திற்கு என்ன வேலை என்று சிலர் வியக்கலாம். 2024 டிசம்பரில் சென்னை இளைஞர் குகேஷ் சிங்கப்பூரில் உலகப் பட்டம் வென்றார். அவ்வெற்றியைக் கண்டு பலகை முன் அமரும் பிள்ளைகளுள் மெல்ல யோசிப்பவரை 'மந்தம்' என்று ஒதுக்கிவிடுகிறோம். மெல்ல எழுதும் கவிஞருக்கும் அப்பெயர் கிட்டுவதுண்டு. அது குறையன்று, இயல்பு. அவ்வியல்புக்குப் பொருந்தும் தொடக்கத்தைத் தேர்ந்துகொள்வதே வேண்டுவது.

ஆட்டத்தின் முதல் பத்துப் பதினைந்து நகர்த்தல்களைத் தொடக்கம் என்பர். சிசிலியன் தற்காப்பின் சில பிரிவுகளில் ஒரு நகர்த்தல் பிசகினாலும் ராஜா அகப்பட்டுவிடும். அங்கே மனப்பாடம் மிகுதியாக வேண்டும். கேட்டலான் தொடக்கம் வேறு வகையினது. 1929இல் பார்சிலோனாவில் நடந்த போட்டியில் டார்டகோவர் ஆடியமையால் அந்நிலப்பகுதியின் பெயரைப் பெற்றது. இதில் வெள்ளையின் மந்திரி, ராஜாப் பக்கத்து ஓரத்தில் அமர்ந்து, பலகையின் நீண்ட மூலைவிட்டத்தை நோக்கியிருக்கும். உடனடி மிரட்டல் இராது. அழுத்தமோ எளிதில் நீங்காது. இம்மலையின் காவலூர் வானாய்வகத்தை அறிந்த நமக்கு இது புதிதன்று. மங்கலான விண்மீனின் ஒளி நெடுநேரம் சேர்ந்தால்தானே பதிவாகிறது!

2010இல் சோபியா நகரில் விசுவநாதன் ஆனந்த், டோபலோவை எதிர்கொண்டார். ஆனந்த் மின்னல் வேகத்திற்குப் பெயர் பெற்றவர். டோபலோவோ தாக்கி ஆடுவதில் வல்லவர். முதல் ஆட்டத்தில் ஆனந்த் கருப்புக் காய்களுடன் கூர்மையான குருன்ஃபெல்ட் தற்காப்பை ஆடித் தோற்றார். இரண்டாம் ஆட்டத்தில் கேட்டலானை எடுத்தார், வென்றார். நான்காம் ஆட்டத்திலும் அதுவே, மீண்டும் வென்றார். அந்த நான்காம் ஆட்டத்தில் தக்க தருணம் வாய்த்ததும் குதிரையைப் பலியிட்டு எதிரியின் ராஜாவைத் தாக்கினார் என்பதை மறத்தலாகாது. நிதானத் தொடக்கம் போரைத் தவிர்ப்பதில்லை. போருக்கு உரிய காலத்தை நாமே தேர்ந்துகொள்ள இடம் தருகிறது. இறுதியில் 6½–5½ என்ற கணக்கில் பட்டம் ஆனந்திடமே நின்றது.

மெல்ல ஆடுபவருக்குப் பகை எதிரி மட்டுமல்லர், கடிகாரமும் பகையே. நாளுக்கொரு தொடக்கத்தை ஆடினால் முதல் பத்து நகர்த்தல்களிலேயே நேரம் கரைந்துவிடும். ஆகவே, வெள்ளைக்குக் கேட்டலான் அல்லது லண்டன் முறை, கருப்புக்குக் காரோ-கான் எனச் சிலவற்றையே பழகுதல் நன்று. தேர்ந்தெடுக்கும்போது புகழைப் பார்க்க வேண்டா. சிப்பாய்கள் எங்கே நிலைகொள்ளும், வரிசை மறந்தாலும் காரணம் கண்டு அடுத்த காயை நகர்த்த இயலுமா என்றே பார்க்க வேண்டும்.

யாப்பிலும் இதுவே நிகழ்கிறது. வெண்பாவின் தளை ஒருவருக்கு விலங்கு, மற்றொருவருக்கு ஊன்றுகோல். ஒரு வடிவம் கைவந்தவர் சீர்களை எண்ணிக் காலம் கழிப்பதில்லை. அவர் சிந்தனை முழுவதும் பொருளின்பால் செல்கிறது. வட்டத்தின் இளங்கவிஞர்களிடம் நான் வேண்டுவது ஒன்றே: பிறர் வேகத்தைக் கண்டு உங்கள் நடையை மாற்றாதீர்கள், உங்கள் நடை செல்லும் பாதையைத் தேடுங்கள்.