இரவும் எங்கள் வீதியும்

(சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரை)



நாம் படித்த காலத்தில் பொழுதுபட முன் வீடு சேர்ந்துவிட வேண்டும். இன்று எங்கள் பிள்ளைகள் பலர் வேலை முடித்து இரவில்தான் திரும்புகிறார்கள். வெள்ளவத்தை காலி வீதியும் மரைன் டிரைவும் பொழுதுபட்ட பிறகுதான் களைகட்டுகின்றன. அங்குள்ள உணவகங்களில் வேலை செய்யும் பெண்பிள்ளை, கடை பூட்டிய பின் பஸ் தரிப்பிடம் வரை எப்படி நடப்பாள்?

இலங்கையில் பஸ்ஸிலும் ரயிலிலும் 90 சதவீதமான பெண்கள் தொந்தரவுக்கு ஆளாகியிருப்பதாக ஐ.நா. சனத்தொகை நிதியத்தின் ஆய்வு கூறியது. தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவு, பாலியல் தொந்தரவுக்கு ஐந்து ஆண்டு வரை சிறை என்கிறது. சட்டம் இருக்கிறது; வீதியில் துணைதான் இல்லை.

2018 ஜனவரியில், மதுச்சாலைகளில் பெண்கள் வேலை செய்வதற்கிருந்த தடை நீக்கப்பட்டு, சில நாட்களிலேயே ஜனாதிபதியின் பணிப்பில் அந்த முடிவு மீளப்பெறப்பட்டது. மது பற்றி எமக்குள் பல கருத்துகள் இருக்கலாம். ஆனால் பெண்ணை விலக்கி வைப்பது பாதுகாப்பு ஆகாது.

இங்கிலாந்தில் 2011ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, நள்ளிரவுக்குப் பின் மது விற்கும் இடங்களிடம் உள்ளூராட்சி சபைகள் ஆண்டுக் கட்டணம் அறவிடலாம். நியூகாசில் நகரம் 2013இல் முதலில் தொடங்கியது. அந்தப் பணத்தில் பெரும்பங்கு பொலிசாருக்குச் செல்கிறது. இரவால் உழைப்பவர் இரவின் செலவிலும் பங்கெடுக்க வேண்டும் என்பதே அதன் நியாயம்.

இது எமக்குப் புதிதல்ல. செட்டியார் தெருவிலிருந்து ஆடிவேல் புறப்படும்போதும், கொச்சிக்கடை அந்தோனியார் திருவிழாவிலும், பெண்கள் பிள்ளைகளோடு இருட்டிய பிறகும் வீதியில் நிற்பதில்லையா? கோயிலார், கடைக்காரர், தொண்டர், பொலிசார் என ஆளுக்கொரு பொறுப்பை ஏற்பதால் அது முடிகிறது. திருவிழாவுக்குச் செய்வதை நாளாந்தம் செய்ய முடியாதா?

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் உணவக உரிமையாளர்கள் மாதம் ஒரு சிறு தொகை சேர்த்தால், இருண்ட ஒழுங்கைக்கு விளக்கும், கடை பூட்டும் வரை ஒரு காவலாளியும், பணிப்பெண்கள் வீடு சேர ஒரு வாகனமும் கிடைக்கும். 1938 என்ற பெண்கள் உதவி இலக்கத்தை ஒவ்வொரு கடையிலும் ஒட்டலாம். மாநகர சபையையும் பொலிசாரையும் பஸ்காரரையும் ஒரே மேசைக்கு அழைக்க ஒருவர் வேண்டும். அந்த அழைப்பை எங்கள் சங்கமே விடுக்கட்டும்.

வெளிநாட்டிலுள்ள சகோதரிகளே, பணத்தோடு உங்கள் ஊர் அனுபவத்தையும் எழுதி அனுப்புங்கள். இங்குள்ள நாம் அடுத்த மாதமே ஒழுங்கை ஒழுங்கையாக நடந்து, எங்கே வெளிச்சமில்லை என்று குறித்து வருவோம்.