வீட்டிலேயே சைக்கிள் பராமரிப்பு: குழுவுக்கு ஒரு கருவிப் பை

(ஈக்காட்டுத்தாங்கலில் நடந்த கூட்டமைப்பு உறுப்பினர் பயிற்சியில், களப் பணியாளர்கள் சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



காலையிலிருந்து சேமிப்பு, கடன், வட்டி என்று நிறையப் பேசிவிட்டோம். இப்போது கொஞ்ச நேரம் சைக்கிளைப் பற்றிப் பேசலாம். சிரிக்காதீங்க, இதுவும் பொருளாதாரம்தான்.

நாம் கூடியிருக்கும் இந்த ஈக்காட்டுத்தாங்கல், கிண்டி தொழிற்பேட்டையை ஒட்டிய இடம். அந்தத் தொழிற்பேட்டை 1958-ல் தொடங்கியது. சுற்றிலும் சின்னச் சின்னப் பட்டறைகள். இங்கே ஒரு நட்டு கழன்றால் நாலு எட்டில் கடை இருக்கு. நம்ம ஊரில்? பஞ்சர் கடைக்கு மூணு கிலோமீட்டர், நாலு கிலோமீட்டர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகணும். காலையில் பொண்ணு பள்ளிக்கூடம் கிளம்பும்போது டயரில் காற்று இல்லை என்றால் என்ன நடக்கிறது? "அப்பா வேலைக்குப் போயாச்சு, அண்ணன் சாயங்காலம் வரட்டும்" என்போம். அன்றைக்குப் பாடம் போச்சு. அதுவே பரீட்சை நாளாக இருந்தால்?

சைக்கிள் ஒரு பெண்ணுக்கு என்ன செய்யும் என்பதற்கு நம் தமிழ்நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. 1991-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. எழுத்தோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். அப்போது ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத், சைக்கிள் வாங்கப் பெண்களுக்கு வங்கிக் கடன் கிடைக்க ஏற்பாடு செய்தார். கல்குவாரியில் வேலை செய்த பெண்களும், வயல் வேலைக்குப் போன பெண்களும் ஓட்டினார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது ஆண்கள் சைக்கிளையே ஓட்டினார்கள். முன்னால் இருக்கும் பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாமே என்று அதையே விரும்பியவர்களும் உண்டு.

2001-02-ல் தமிழக அரசு ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவிகளுக்கு இலவச சைக்கிள் கொடுக்கத் தொடங்கியது. பிறகு மற்ற பிள்ளைகளுக்கும் அது விரிவானது. பீகாரில் 2006-ல் ஒன்பதாம் வகுப்பு மாணவிகளுக்குச் சைக்கிள் திட்டம் வந்தது. அதை ஆராய்ந்தவர்கள், அந்த வயதுப் பெண் பிள்ளைகள் உயர்நிலைப் பள்ளியில் சேர்வது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடியது என்று கண்டார்கள். பள்ளி மூணு கிலோமீட்டருக்கு மேல் இருந்த ஊர்களில்தான் பலன் அதிகம்.

ஆனால் நம் வீட்டுத் திண்ணையைப் பாருங்கள். அரசு கொடுத்த சைக்கிள் துருப்பிடித்து, அதன்மேல் சாக்குப் பை காயுது. பெரும்பாலும் உடைந்ததால் நின்ற சைக்கிள் இல்லை அது. ஒரு வால்வ் டியூப், ஒரு பஞ்சர், ஒரு தளர்ந்த செயின், இவ்வளவுதான் காரணம். ஓட்டக் கற்றது பாதி விடுதலை என்றால், சரிசெய்யக் கற்பது மீதி.

"ஸ்பேனர் எல்லாம் ஆம்பளைங்க சமாச்சாரம்" என்று சில அக்காமார் சொல்கிறார்கள். தையல் மெஷினுக்கு எண்ணெய் விடுவது யார்? ஸ்டவ்வைக் கழற்றித் துடைப்பது யார்? அதே கைதான் இதுவும்.

ஒவ்வொரு குழுவும் ஒரு கருவிப் பை வாங்குவோம். அதில் இருக்க வேண்டியவை:

1. காற்றடிக்கும் பம்பு. இதுதான் முதல் செலவு. காற்று குறைந்த டயரில் ஓட்டினால் டியூப் மடங்கிக் கிழியும்.
2. டயர் கழற்றும் லிவர் இரண்டு.
3. பஞ்சர் ஒட்டும் பேட்ச், சொல்யூஷன், உப்புத்தாள்.
4. வால்வ் டியூப் நாலைந்து. மிகச் சின்னச் சாமான், ஆனால் அடிக்கடி கெடுவது இதுதான்.
5. ஸ்பேனர்கள், ஒரு ஸ்க்ரூ டிரைவர். கடைக்குச் சைக்கிளையே தள்ளிக்கொண்டு போய், நட்டில் மாட்டிப் பார்த்து வாங்குங்கள். தளர்வாக உட்காரும் ஸ்பேனர் நட்டின் முனையைத் தேய்த்துவிடும்.
6. மெஷின் எண்ணெய், பழைய துணி, பழைய பல் தேய்க்கும் பிரஷ்.
7. ஒரு ஜோடி பிரேக் கட்டை.

பஞ்சர் பார்க்கும் முறை எளிது. காற்று இறங்கினால் முதலில் வால்வின் வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள். குமிழ் வந்தால் வால்வ் டியூப்பை மாற்றினால் போதும். குமிழ் வராவிட்டால் டயரின் ஒரு பக்கத்தை லிவரால் நெம்பி, டியூப்பை வெளியே இழுங்கள். சக்கரத்தைக் கழற்ற வேண்டியதில்லை. காற்றடித்து, அன்னக்கூடைத் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாக முக்கினால் ஓட்டை தெரியும். பால்பாயிண்ட் பேனாவால் குறியுங்கள். காற்றை இறக்கி, நன்றாகத் துடைத்துக் காயவிட்டு, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷனை மெல்லியதாகத் தடவுங்கள். ஈரப்பசை அடங்கும் வரை பொறுத்து, பிறகு பேட்சை அழுத்தி ஒட்டுங்கள். அவசரப்பட்டு ஒட்டினால் பிய்த்துக்கொள்ளும். டியூப்பை உள்ளே போடும் முன் டயரின் உட்புறத்தைத் துணியால் தடவிப் பாருங்கள். குத்திய கருவேல முள் அங்கேயே இருந்தால் மறுபடியும் பஞ்சர்தான். சொல்யூஷன் தீப்பிடிக்கும். அடுப்பங்கரையில் வேண்டாம், குழந்தைகள் கையிலும் வேண்டாம்.

செயினை வாரம் ஒருமுறை துடைத்து, இணைப்புகளில் சொட்டுச் சொட்டாக எண்ணெய் விட்டு, மேலே வழிவதைத் துடைத்துவிடுங்கள். தேங்காய் எண்ணெய் பிசுபிசுத்துப் புழுதியைச் சேர்க்கும். டயரிலும் பிரேக் படும் ரிம்மிலும் எண்ணெய் படவே கூடாது, பிரேக் வழுக்கும். பிரேக் கட்டை ரிம்மில் மட்டும் பட வேண்டும், டயரில் உரசக் கூடாது. கட்டை தேய்ந்து இரும்பு தெரியும் வரை காத்திருக்காதீர்கள். பிள்ளை மெயின் ரோட்டில் போகிறாள், அவள் உயிர் அந்தக் கட்டையில் இருக்கிறது.

எல்லாவற்றையும் நாமே செய்ய வேண்டும் என்பதில்லை. ரிம் கோணினாலோ, ஸ்போக் கம்பி அறுந்தாலோ, முன் ஃபோர்க் வளைந்தாலோ, பெடல் அச்சு ஆடினாலோ கடைக்குத்தான் போகணும்.

பை வாங்குவதை அடுத்த குழுக் கூட்டத்தில் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். வாங்கும் முன் இரண்டு கடையில் விலை கேளுங்கள். மாதம் ஒருவர் பொறுப்பு. எடுத்தவர் பெயரும் திருப்பித் தந்த தேதியும் நோட்டில் இருக்கணும். தீர்ந்த சாமானை மாதக் கடைசியில் வாங்கி வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் கால் மணி நேரம், காற்று, பிரேக், செயின், நட்டு, பெல் என்று ஐந்தையும் பார்த்துவிடுங்கள். பார்க்கும்போது மகளையும் மகனையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் கையிலும் ஸ்பேனரைக் கொடுங்கள்.

இன்றைக்கு மதியம் வாசலில் ஒரு சைக்கிளும் ஒரு பழைய டியூப்பும் வைத்திருக்கிறோம். குழுவுக்கு இரண்டு பேர் வந்து பஞ்சர் ஒட்டிப் பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏற வேண்டும். கையில் கறை படும். சோப்பு நாங்கள் தருகிறோம்.