கருவியும் அதன் மூடியும்

(தொழிற்கருவிகள் வழங்கும் நிகழ்ச்சியில் அறக்கட்டளை சார்பில் ஆற்றப்பட்ட உரை)



ஜமாஅத்துப் பெரியவர்களே, தாய்மார்களே, கருவி வாங்க வந்திருக்கும் தம்பிகளே!

வெல்டிங், தச்சு, டைல்ஸ் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு இன்று மெஷின் கொடுக்கிறோம். அல்ஹம்து லில்லாஹ். ஒவ்வொரு மெஷினோடும் ஒரு பை இருக்கும். அதில் கண்ணுக்குக் கண்ணாடி, காதுக்கு அடைப்பான், டிரிப் சுவிட்ச் வைத்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். "இந்தச் செலவுக்கு இன்னும் சிலருக்கு மெஷின் வாங்கியிருக்கலாமே" என்று ஜமாஅத்தில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். காத்திருப்பவர்களின் மனுக்கள் எங்கள் மேசையில்தான் இருக்கின்றன.

ஆனாலும் பையோடுதான் கொடுப்பது என்று முடிவு செய்தோம். ஒரு குடும்பம் மறுபடி யாரிடமும் கை நீட்டாமல் நிற்கட்டும் என்றுதானே ஜகாத்திலிருந்து தொழிலுக்கு உதவுகிறோம்? அந்த மெஷினாலேயே பிள்ளையின் கண் போனால், அந்தக் குடும்பம் முன்பைவிட மோசமான நிலையில் நம் வாசலுக்கு வரும். கண்ணும் கையும் அல்லாஹ் நம்மிடம் தந்த அமானிதம். ஜகரிய்யா நபி (அலை) தச்சர், தாவூது நபி (அலை) இரும்பில் கவசம் செய்தவர். கைத்தொழிலுக்கு நம் மார்க்கத்தில் அவ்வளவு மரியாதை இருக்கிறது. அந்தக் கையைக் காப்பதும் அதில் சேர்ந்ததுதான்.

அதிகம் பயப்பட வேண்டியது கையில் பிடிக்கும் கிரைண்டருக்கு. தாய்மார்கள் மாவரைக்கும் கிரைண்டரை நினைத்துவிட வேண்டாம். இந்த நாலு இஞ்ச் மெஷின் நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்று சுற்றும். அப்போது கட்டிங் வீலின் விளிம்பு மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. வீல் உடைந்தால் துண்டும் அந்த வேகத்தில்தான் வரும். அதைத் தடுக்க இருப்பது அரைவட்டமான அந்த இரும்பு மூடி ஒன்றுதான்.

பட்டறையில் முதலில் கழற்றுவதும் அதைத்தான். ஏன் கழற்றுகிறார்கள்? பெரும்பாலும் பெரிய வீல் மாட்டுவதற்காக. ஏழு இஞ்ச் வீல் தாங்கும் வேகம் சுமார் 8,500 சுற்றுதான். அதை 11,000 சுற்றும் மெஷினில் மாட்டினால், மூடியும் இல்லை, வீலும் தாங்காது. வீல் மேலேயே அது தாங்கும் வேகம் அச்சிட்டிருக்கும். மெஷினில் எழுதியிருக்கும் வேகத்தைவிட அது குறைவாக இருந்தால் மாட்டாதீர்கள். நடுவிலுள்ள உலோக வளையத்தில் பல கம்பெனிகள் காலாவதி மாதமும் ஆண்டும் போடுகிறார்கள். அதையும் பாருங்கள். ஈரத்தில் கிடந்த வீலும், கீழே விழுந்த வீலும் வேண்டாம். அறுக்கிற மெல்லிய வீலைப் பக்கவாட்டில் அழுத்தித் தேய்க்கவும் கூடாது.

இதைவிடக் கொடியது, மரம் அறுக்கும் பல் பிளேடைக் கிரைண்டரில் மாட்டுவது. பல் மரத்தில் சிக்கினால் மெஷின் துள்ளித் திரும்பும். திரும்புவது பிடித்திருப்பவரின் முகத்துக்கோ தொடைக்கோதான். எங்கள் மெஷினில் அதை மாட்டியது தெரிந்தால் மெஷினைத் திரும்ப வாங்கிக்கொள்வோம். இதில் சிபாரிசு கிடையாது.

கூலிங் கிளாஸ் பாதுகாப்புக் கண்ணாடி ஆகாது. பக்கமும் மூடிய கண்ணாடி வேண்டும். கண்ணில் இரும்புத்தூள் விழுந்தால் கசக்கக் கூடாது, பக்கத்தில் இருப்பவர் துணி நுனியால் எடுக்கவும் கூடாது. நேராகக் கண் மருத்துவரிடம் போங்கள்.

மின்சாரத்துக்கு வருவோம். பிளக் இல்லாமல் வயரைச் சாக்கெட்டில் செருகித் தீக்குச்சி வைப்பதை இன்றோடு விடுங்கள். மெஷினில் சதுரத்துக்குள் சதுரம் போட்டிருந்தால் அது இரட்டைக் காப்பு உள்ளது, இரண்டு பின் போதும். அந்தக் குறி இல்லையென்றால் மூன்று பின்னும் எர்த்தும் கட்டாயம். வீல் மாற்றும்போது சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே உருவ வேண்டும். கைலியோ தொங்கும் துண்டோ ஆகாது. டிரில் ஓட்டும்போது துணிக் கையுறையும் ஆபத்து, சுழலும் பிட் கையுறையோடு விரலையும் இழுத்துவிடும்.

சுத்தியும் உளியும் சாதுவானவை என்று நினைக்கிறோம். அடி வாங்கி வாங்கித் தலை பூப்போல் விரிந்த உளியிலிருந்து சில்லு தெறிக்கும். தேய்த்துச் சமப்படுத்திவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

பட்டறை வைத்திருக்கும் சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை. கண் பாதுகாப்பு 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 35ஆம் பிரிவிலேயே இருந்தது. இரண்டு மூன்று பேர் வேலை செய்யும் பட்டறை அந்தச் சட்டத்துக்குள் வராமல் போயிருக்கலாம். கண் எல்லோருக்கும் ஒன்றுதானே? அமெரிக்காவில், தொழிலாளி தன் வீட்டிலிருந்து கொண்டுவரும் கருவி சரியாக இருப்பதற்கும் முதலாளியே பொறுப்பு என்று விதி இருக்கிறது. "அவன் மெஷின், அவன் பாடு" என்று நாமும் சொல்ல வேண்டாம். வளைகுடாவின் பெரிய சைட்டுகளில் கண்ணாடி இல்லாமல் உள்ளேயே விடமாட்டார்கள் என்று அங்கிருந்து வந்த பிள்ளைகளே சொல்கிறார்கள். ஊருக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றிவிடுவது என்ன கணக்கோ, தெரியவில்லை.

தாய்மார்களே, கட்டிங் வீலின் வகையெல்லாம் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. மகன் சாயங்காலம் மெஷினை வீட்டில் கொண்டுவந்து வைக்கும்போது மூடி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இல்லையென்றால் எங்களிடம் சொல்லுங்கள்.

கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதியாதவர்கள், 18 வயது நிறைந்திருந்தால், ஆதார் அட்டையுடன் இஷாவுக்குப் பின் அலுவலகம் வாருங்கள். விண்ணப்பத்தை நாங்கள் பூர்த்தி செய்து தருகிறோம்.

இப்போது பெயர் வாசிக்கிறோம். வருகிறவர் இந்த மேசையிலேயே மூடியையும் பக்கக் கைப்பிடியையும் பொருத்திக் காட்டிவிட்டு மெஷினை எடுத்துக்கொள்ளலாம். தெரியாதவர் கூச்சப்பட வேண்டாம், சொல்லித்தர மேஸ்திரி இங்கேயே உட்கார்ந்திருக்கிறார்.